ஸ்டீரியோ எதிரொலி நீக்கம்

ஸ்டீரியோ எதிரொலி நீக்கம் என்பது இரு ஒலிபெருக்கிகள் வழியாக நடைபெறும் தொலைக் கலந்துரையாடலில், பேசுபவரின் குரல் அவருக்கே தாமதமாகத் திரும்பிக் கேட்பதைத் தடுக்கும் சமிக்ஞைச் செயலாக்க முறை ஆகும். குரலின் தரமும் அது வரும் திசையும் கெடாமல் எதிரொலியை நீக்குவதே இதன் நோக்கம்.

அடிப்படை

தொலைவில் உள்ளவரின் குரல் நம் அறையின் ஒலிபெருக்கியில் வெளிப்பட்டு, சுவர்களில் பட்டுத் தெறித்து, ஒலிவாங்கிக்குள் நுழைந்து அவருக்கே திரும்புகிறது. தகவமைவு வடிப்பி இந்த ஒலிப்பாதையைக் கணித்து, எதிரொலியின் நகலை உருவாக்கி, ஒலிவாங்கியின் சமிக்ஞையிலிருந்து கழிக்கிறது. எஞ்சும் பிழையைக் கொண்டு தன் கணிப்பைத் தொடர்ந்து திருத்திக்கொள்கிறது. பெல் ஆய்வகத்தின் மன் மோகன் சோந்தி 1967இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடி ஆக்கங்களுள் ஒன்று.

ஸ்டீரியோவில் எழும் சிக்கல்

இரு ஒலிபெருக்கிகளும் இரு ஒலிவாங்கிகளும் இருந்தால் நான்கு பாதைகளைக் கணிக்க வேண்டும். ஆனால் கணக்கின் அளவு மட்டுமே இங்குச் சிக்கல் அன்று. இடது, வலது சமிக்ஞைகள் இரண்டும் ஒரே பேச்சாளரின் குரலிலிருந்து பிறப்பதால் அவற்றிடையே ஒட்டுறவு மிக அதிகம். இரு எண்களின் கூட்டுத்தொகை 10 என்று மட்டும் தெரிந்தால், அவை 4, 6 ஆ அல்லது 3, 7 ஆ என்று கூற முடியாது. அதுபோல, வடிப்பி பாதைகளைத் தவறாகக் கணித்திருந்தும் எதிரொலி நீங்கியதாகத் தோன்றலாம். தொலைவில் உள்ளவர் இடம் மாறினாலோ, அங்கே வேறொருவர் பேசத் தொடங்கினாலோ எதிரொலி மீண்டும் எழும். 1995இல் சோந்தி, மோர்கன், ஹால் ஆகியோர் இச்சிக்கலை விளக்கினர்.

தீர்வுகளும் ஒலித்தரமும்

இரு சமிக்ஞைகளையும் சற்றே வேறுபடுத்தினால் சரியான பாதைகளைக் கண்டறிய இயலும். ஆனால் அவ்வாறு செய்வது ஒலியைச் சிறிது சிதைப்பதாகும். அச்சிதைவு காதுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

* நேரிலா மாற்றம்: பெனெஸ்டி, மோர்கன், சோந்தி 1998இல் முன்வைத்த முறை. இடது சமிக்ஞையின் நேர்ப் பகுதியும் வலது சமிக்ஞையின் எதிர்ப் பகுதியும் சிறிதளவு கூட்டப்படுகின்றன. பேச்சில் இம்மாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும். இசையின் தூய சுரங்களில் எளிதில் வெளிப்படும்.
* மறைக்கப்பட்ட இரைச்சல்: உரத்த ஒலி அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைக்கும் பண்பைப் பயன்படுத்தி, கேட்காத அளவில் இரைச்சல் சேர்க்கப்படுகிறது.
* கட்ட மாற்றம்: ஏறத்தாழ 1500 ஹெர்ட்சுக்குக் கீழ், இரு காதுகளுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டைக் கொண்டே திசையை உணர்கிறோம். எனவே குறைந்த அதிர்வெண்களில் மிகக் குறைவாகவும், உயர் அதிர்வெண்களில் கூடுதலாகவும் கட்டம் மாற்றப்படுகிறது.

மாற்றத்தின் அளவைக் கூட்டினால் கணிப்பு விரைவில் சரியாகும், ஒலித்தரம் குறையும். குறைத்தால் ஒலி தூய்மையாக இருக்கும், எதிரொலி மீளும் வாய்ப்பு கூடும். ஆகவே அந்த அளவு பேச்சுக்கும் இசைக்கும் வெவ்வேறாக அமைய வேண்டும்.