மதிலில் உட்கார்ந்த சிச்சிலி

மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரைக் கோட்டை வாயிலைக் கடக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கன்றை நினைத்து மாடுகள் கத்துகின்றன. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை முடிகிற இந்த இடத்தில், மதிலில் இருந்த பொறிகளை இளங்கோ பெயர் சொல்லி அடுக்குகிறார். வளைவிற்பொறி, கருவிரலூகம், தூண்டில், கைபெயர் ஊசி, சென்றெறி சிரல், பன்றி என்று நீளும் பட்டியல். எது எப்படி வேலை செய்யும் என்ற விளக்கம் கிடையாது. அதைச் சொல்வது உரைகள்தான். வளைவிற்பொறி தானே வளைந்து எய்யும் வில். ஊகம், கிட்டே வந்தவரைக் கடிக்கும் குரங்கு. தூண்டில், அகழியிலிருந்து ஏறுபவரைக் கோத்து இழுப்பது. சிரல், பகைவர் கண்ணைக் கொத்தும் சிச்சிலி, அதாவது மீன்கொத்தி. 1892இல் உ.வே.சாமிநாதையர் இந்த உரைகளை மூலத்தோடு சேர்த்து அச்சிட்டதால்தான் பெயருக்குப் பின்னால் இருந்த உருவம் நமக்குத் தெரிகிறது. உரையாசிரியர் இங்கே பார்த்திருப்பது பாதி ஓவியர் வேலை.

அந்த வேலையை முழுநேரப் பிழைப்பாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, “கதவைத் தட்டிப் பார்க்கிறேன்”, “தரையைக் கம்பால் குத்துகிறேன்” என்று சொல்லி நிலவறைக்குள் நகர்வார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1978இல் வெளியிட்ட ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற சாகசக் கதையோடு, ஆடுபவர்களிடம் தூக்கிக் காட்டுவதற்கென்றே தனிப் படப் புத்தகமும் வந்தது. டேவிட் டிராம்பியரும் டேவிட் சதர்லாண்டும் வரைந்தவை. அதில் பேர்பெற்றது சுவரில் செதுக்கிய ஒரு பூதமுகம். அகலத் திறந்த வாய், உள்ளே கும்மிருட்டு. வாய்க்குள் நுழைந்தவன் சுவடில்லாமல் அழிந்துபோவான். படம் பொய் சொல்லவில்லை. இருட்டு ஏன் அவ்வளவு கறுப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. பொறியை வரைபவருக்கான இலக்கணம் இதுதான் என்பேன்: கண்ணில் படுவதையெல்லாம் நேர்மையாகக் காட்ட வேண்டும், இயக்கத்தை மட்டும் மறைக்க வேண்டும். தடயமே இல்லாத பொறி வெறும் அடாவடி.

தடயத்தைக் காட்டினால் ஆட்டம் கெடாதா என்று கேட்கலாம். கெடாது, தடயம் வேறு, விடை வேறு. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் கரையில் நிற்பவருக்குத் தண்ணீரும் படிக்கட்டும் நடு மண்டபமும் தெரியும். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்துக்கு வைகைத் தண்ணீர் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாய் தெரியாது. அதைக் காட்ட நிலத்தை வெட்டிப் பிளந்தாற்போல் குறுக்குவெட்டுப் படம் வேண்டும். பொறிக்கும் அப்படித்தான்: கரையில் நிற்பவர் காண்பது ஆடுபவருக்கு, குறுக்குவெட்டு நடத்துபவருக்கு. இரண்டையும் ஒரே படத்தில் திணித்தால்தான் கெடும். சொல்லே போதும், மிச்சத்தைக் கற்பனை பார்த்துக்கொள்ளும் என்பார்கள் சிலர். தனியாக வாசிப்பவருக்குச் சரி. ஆனால் இளங்கோவின் அதே பட்டியலில் வரும் ஐயவித் துலாம் என்ற ஒரு பெயருக்கே சிற்றம்பு எய்யும் எந்திரம் என்று ஒரு பொருளும், தலையை நெருக்கித் திருகும் மரம் என்று இன்னொரு பொருளும் சொல்லப்படுகின்றன. ஐந்து பேர் ஒரே மேசையில் ஐந்து துலாங்களை மனத்தில் வைத்துக்கொண்டு ஆடினால் சண்டைதான் மிஞ்சும்.

நம் ஓவியர் ஒருவர் கைபெயர் ஊசியை வரைவதாக வைத்துக்கொள்வோம். மதிலின் தலையைப் பிடிக்கிறவன் கையைக் குத்தும் ஊசி அது. நடத்துபவருக்கான படத்தில் கல்லுக்குள் படுத்திருக்கும் ஊசி வரிசை. ஆடுபவருக்கான படத்தில் ஊசியே வேண்டாம். மதில் விளிம்பெல்லாம் பாசி, ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பாசி இல்லாத வெறுங்கல், அதில் எள் அளவு துளைகள். ஏறுகிறவனின் கை அதற்கு ஒரு சாண் கீழே.