உறுமல் குரலிசை

உறுமல் குரலிசை என்பது ராக் இசையின் கடுமையான பிரிவாகிய மெட்டல் இசையில், பாடகர் தம் குரலை மெட்டாக இசைக்காமல், விலங்கின் உறுமலை ஒத்த தாழ்ந்த, கரகரப்பான ஒலியாக வெளியிடும் முறையாகும். டெத் மெட்டல் என்னும் வகைக்கு இதுவே முதன்மை அடையாளம். இதை முதன்முறை கேட்பவர் பலரும் "இது பாட்டே அன்று" என்று ஒதுக்கிவிடுவது உண்டு. இதனை விரும்புவோரும் தமக்குள் ஒத்த கருத்துடையவர் அல்லர். எந்தப் பாடகரின் உறுமல் சிறந்தது, எந்தப் பாடலில் அது தேவையானது, எதில் வெறும் பழக்கத்தால் வந்தது என்பன ஓயாமல் விவாதிக்கப்படுகின்றன. 2009ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ச்சி நடத்திய சுவீடன் நாட்டு ஓபெத் குழு இவ்விவாதத்தின் மையத்தில் உள்ளது.

சொல்லும் பின்புலமும்

உறுமுதல் என்ற சொல் தமிழ் இசைக்குப் புதியதன்று. நாட்டார் இசைக்கருவியான உறுமி, ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலியாலேயே அப்பெயர் பெற்றது. அவ்வொலிக்காகவே அக்கருவி விரும்பப்படுகிறது. அதைக் குறையாக எவரும் கொள்வதில்லை. குரலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. கருவியில் ஏற்கும் கரகரப்பை மனிதத் தொண்டையில் ஏற்கச் செவி தயங்குகிறது. நாடகத்திலும் திரைப்படத்திலும் இத்தயக்கம் குறைவு. எம். ஆர். ராதா கரகரத்த குரலுக்கும் மெலிந்த குரலுக்கும் நொடியில் தாவிப் பேசியதைத் தமிழர் பெரிதும் இரசித்தனர். ஓபெத் குழுவின் பாடல்களில் நிகழ்வதும் ஏறத்தாழ இத்தகைய தாவலே எனலாம்.

ஒலி உருவாகும் விதம்

இயல்பாகப் பாடும்போது குரல்வளையில் உள்ள இரு குரல்நாண்கள் சீராக அதிர்கின்றன. அவற்றிற்குச் சற்று மேலே பொய்க்குரல்நாண்கள் எனப்படும் இரு மடிப்புகள் உள்ளன. பேச்சிலும் பாட்டிலும் இவை பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கும். உறுமும்போது இவை நெருங்கி வந்து, கீழிருந்து வரும் காற்றில் தாமும் அதிர்கின்றன.

மத்திய ஆசியாவின் துவா பகுதியில் வழங்கும் கர்கிரா என்னும் தொண்டைப் பாட்டிலும் பொய்க்குரல்நாண்களே பயன்படுகின்றன. அதில் உண்மைக் குரல்நாண்கள் இரு முறை அதிரும்போது பொய்நாண்கள் ஒரு முறை அதிர்வதால், பாடகர் பாடும் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலி கேட்கிறது. மெட்டல் உறுமலில் அதிர்வு அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. ஆகவே குறிப்பிட்ட சுரம் செவிக்குத் தெளிவாகப் புலப்படாமல், இரைச்சலும் சுருதியும் கலந்த ஒலி பிறக்கிறது.

இதனால் தொண்டை கெட்டுவிடும் என்பது பரவலான அச்சம். பயிற்சியின்றி உண்மைக் குரல்நாண்களையே அழுத்திக் கத்துவோருக்கு அவ்வச்சம் பொருந்தும். வீக்கமும் முடிச்சும் ஏற்படலாம். முறையாகப் பயின்றோர் மூச்சை வயிற்றிலிருந்து தாங்கி, தொண்டையை இறுக்காமல் உறுமுகின்றனர். தேர்ந்த உறுமல் நேரில் கேட்கும்போது அவ்வளவு உரத்ததாகவும் இருப்பதில்லை. ஒலிவாங்கியே அதைப் பெரிதாக்குகிறது. அமெரிக்கக் குரற்பயிற்சியாளர் மெலிசா கிராஸ் இம்முறைகளை விளக்கும் பாடத்தை 2005இல் ஒளிவட்டாக வெளியிட்டார்.

வரலாறு

1985இல் வெளிவந்த பொசெஸ்டு குழுவின் செவன் சர்ச்சஸ், 1987இல் வெளிவந்த டெத் குழுவின் ஸ்க்ரீம் பிளடி கோர் ஆகிய அமெரிக்க இசைத்தொகுப்புகள் டெத் மெட்டலின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. அதே 1987இல் இங்கிலாந்தின் நேபாம் டெத் குழு ஸ்கம் தொகுப்பை வெளியிட்டது. அதிலுள்ள யூ சஃபர் என்னும் பாடல் ஒன்றரை நொடிக்கும் குறைவானது. உலகின் மிகக் குறுகிய பாடல் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. ஆண்களுக்கே உரியது என எண்ணப்பட்ட இம்முறையில், 2000இல் ஆர்ச் எனிமி குழுவில் இணைந்த செருமானியப் பாடகி ஏஞ்சலா காசோ பெரும் புகழ் பெற்றார்.

சுவைஞர் ஒப்பிடும் முறைகள்

உறுமலை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது சொற்தெளிவு. கேனிபல் கார்ப்ஸ் குழுவில் 1995 வரை பாடிய கிறிஸ் பார்ன்ஸின் உறுமல் மிகத் தாழ்ந்தது. சொற்கள் அதில் கரைந்துவிடும். அவருக்குப் பின் வந்து, 1996இன் வைல் தொகுப்பில் பாடிய ஜார்ஜ் ஃபிஷரின் உறுமல் விரைவானது; சொற்களைக் கூடுதலாக அடையாளம் காணலாம். முதலாமவரை விரும்புவோர் உறுமலை ஒரு தாளக்கருவி போலக் கேட்கின்றனர். இரண்டாமவரை விரும்புவோர் அதைப் பாட்டாகவே கேட்கின்றனர். பல வாக்குவாதங்கள் முடிவின்றி நீள்வதற்குக் காரணம், இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதே.

அடுத்தது நேர்மை பற்றியது. ஒலிவாங்கியின் தலைப்பகுதியை இரு கைகளாலும் மூடிப் பிடித்தால் ஒலி அடர்த்தியாகத் தோன்றும். இதைச் சிலர் ஏமாற்று என்றே கருதுகின்றனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் குரலையே பலமுறை பதிவு செய்து அடுக்குவதும் இவ்வாறே குறை கூறப்படுகிறது. ஆகவே பதிவை விட மேடையில் கேட்டதே சான்றாகக் கொள்ளப்படுகிறது.

சொல் புரியாத பாட்டு பாட்டாகுமா என்பது சென்னைக்குப் பழைய கேள்வி. தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் அறியாது கேட்டுவந்த அவைகளை முன்வைத்து எழுந்த தமிழிசை இயக்கமும், அதன் விளைவாக 1943இல் இராஜா அண்ணாமலைச் செட்டியாரால் தோற்றுவிக்கப்பட்ட தமிழ் இசைச் சங்கமும் இக்கேள்வியோடு தொடர்புடையவை. அங்கே தடையாக இருந்தது மொழி. இங்கே தடை குரலே. எனினும் "நாதம் போதும்" என்பாரும் "சொல் வேண்டும்" என்பாரும் இரு இடத்திலும் எதிரெதிரே நிற்கின்றனர்.

ஓபெத் குழுவும் உறுமலும்

ஸ்டாக்ஹோம் நகரில் உருவான ஓபெத் குழுவின் பாடகரும் முதன்மைப் பாடலாசிரியருமான மிக்கேல் ஓகர்ஃபெல்ட், ஒரே பாடலில் உறுமலையும் இனிய குரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர். 2001இல் வெளிவந்த பிளாக்வாட்டர் பார்க் தொகுப்பின் த டிரேப்பரி ஃபால்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் இப்பாடலில் தெளிந்த குரலில் தொடங்கும் புலம்பல் நடுவே உறுமலாக மாறிப் பின் மீள்கிறது. அத்தொகுப்பிலேயே ஹார்வெஸ்ட் என்னும் பாடலில் உறுமல் அறவே இல்லை.

இக்குழு அறிந்தோ அறியாமலோ சுவைஞருக்கு ஓர் அரிய சோதனையை அமைத்துக் கொடுத்தது. ஏறத்தாழ ஒரே காலத்தில் பதிவு செய்யப்பட்ட இரு தொகுப்புகளை, கடுமையான டெலிவரன்ஸ் 2002இலும், உறுமலே இல்லாத டேம்னேஷன் 2003இலும் என அடுத்தடுத்து வெளியிட்டது. பெரும்பாலும் எழுதியவரும் பாடியவரும் ஒருவரே. வேறுபட்டது கடுமை மட்டும். டேம்னேஷன் கேட்டவர்கள், உறுமுவோருக்குப் பாடத் தெரியாது என்ற வாதத்தைக் கைவிட நேர்ந்தது. அதே சமயம், உறுமல் இன்றியே இவ்வளவு துயரத்தைக் காட்ட இயலுமாயின் உறுமல் எதற்கு என்ற கடினமான கேள்வியும் எழுந்தது. உறுமல் தனியே நின்று சிறப்பதில்லை, அருகில் அமைதி இருக்கும்போதே அதற்குப் பொருள் கிடைக்கிறது என்பது இதற்குத் தரப்படும் விடைகளுள் வலுவானது. டெலிவரன்ஸ், டேம்னேஷன் இரண்டையும் விட, இரு குரல்களும் கலந்த பிளாக்வாட்டர் பார்க்கே குழுவின் உச்சம் எனப் பலர் கருதுவது இவ்விடையோடு பொருந்துகிறது.

2011இன் ஹெரிடேஜ் தொகுப்பில் ஓகர்ஃபெல்ட் உறுமலை முற்றிலும் கைவிட்டார். அடுத்து வந்த மூன்று தொகுப்புகளிலும் அது இல்லை. குழு தன் அடையாளத்தை இழந்தது என்றனர் ஒரு சாரார். 1970களின் முற்போக்கு ராக் இசையைத் துணிந்து தழுவியதே உண்மையான பரிசோதனை என்றனர் மற்றொரு சாரார். 1998ஆம் ஆண்டின் மிகக் கடுமையான பாடலாகிய டீமன் ஆஃப் த ஃபாலை மேடையில் மென்மையாக, உறுமலின்றி இசைத்ததும் இவ்விவாதத்தை வளர்த்தது. மெட்டு அப்படியே நிலைத்ததால் இரு தரப்பும் அதைத் தமக்குச் சான்றாகக் காட்டின. 2024இல் ஓர் உயில் வாசிக்கப்படுவதைக் கதையாகக் கொண்ட த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட் தொகுப்பில் உறுமல் மீண்டும் இடம்பெற்றது.

தென்சென்னையில்

சென்னையில் ராக் இசைக்குக் கல்லூரி விழாக்களே நெடுங்காலம் முதன்மைக் களமாக இருந்துள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மார்டி கிரா என்ற பெயரில் நடந்து, 1996 முதல் சாரங் எனப்படும் விழாவும், 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ் விழாவும் குறிப்பிடத்தக்கவை. வெளிநாட்டு மெட்டல் குழுக்களைக் காண அக்காலத்தில் சென்னைச் சுவைஞர் பெரும்பாலும் பெங்களூருக்கே செல்ல வேண்டியிருந்தது. அயர்ன் மெய்டன் 2007இல் அங்கேயே இசைத்தது.

இந்நிலையில் 2009இன் சாரங் விழாவில் ஓபெத் இசைத்தது தென்புறநகர் மாணவர்களுக்கு எளிதில் வாய்க்காத வாய்ப்பாக அமைந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியினருக்கு மின்தொடர்வண்டியில் கிண்டி வரை வந்தாலே போதும். வாட்டர்ஷெட் தொகுப்பு வெளிவந்து ஓராண்டும் நிறையாத காலம் அது. உறுமலைக் கைவிடும் முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை ஒலித்தட்டில் மட்டும் ஒப்பிட்டு வந்த இரு குரல்களும் ஒருவர் தொண்டையிலிருந்தே வருவதை நேரில் காண முடிந்தது. அந்நிகழ்ச்சிக்கு இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் ஹெரிடேஜ் வெளியானது.

சென்னைக்குச் சொந்தமான உறுமல் குழுக்களும் உண்டு. பிளட் கவனன்ட் என்னும் குழு கிறித்தவ இறைநம்பிக்கையைக் கடும் மெட்டல் இசையில், உறுமல் குரலில் பாடியது. சாத்தானோடும் சாவோடும் தொடர்புபடுத்தப்படும் குரலில் இறைவழிபாட்டைப் பாடலாமா என்பது ஓபெத் சுவைஞர் எழுப்பாத வேறொரு கேள்வி. இவ்விசையைப் பயில்வோருக்கு நடைமுறைத் தடை ஒன்றும் உள்ளது. சுவரோடு சுவர் ஒட்டிய புறநகர்க் குடியிருப்புகளில் கித்தாரின் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். தொண்டைக்கு அத்தகைய திருகு இல்லை.