சில்லறைச் செலவு: எதை நிறுத்தலாம், எதை விடலாம்?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, பெரிய செலவு முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? சில்லறைச் செலவுகள் இனிமேல்தான் ஆரம்பம். மாதம் 100, 150 என்று போகும் பணம் கண்ணுக்குத் தெரியாது. எதற்குக் கொடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்பதில் நான் இரண்டு முறை தப்புக் கணக்குப் போட்டேன். அதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

வசதிக்காக வாங்கிய பிரிண்டர்

ஊரில் அப்பா, அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த கையோடு ஒரு இங்க்ஜெட் பிரிண்டரும் வாங்கினேன். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க ஒரு பக்கத்துக்கு 5 ரூபாய். அப்பா ஏன் வெயிலில் அலைய வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அவர்களுக்கு மாதம் ஐந்து பக்கம்தான் தேவைப்பட்டது. இங்க்ஜெட் பிரிண்டரை நாள் கணக்கில் சும்மா வைத்தால், அதன் ஹெட்டில் உள்ள நுண்ணிய துளைகளில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஹெட் கிளீனிங் கொடுத்தால் அதற்கும் இங்க்தான் செலவாகும். முதல் வருடம் 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் இரண்டு தீர்ந்தன. அச்சிட்டது 60 பக்கம். அதாவது பக்கத்துக்கு 30 ரூபாய்! பிரிண்டர் விலையும் பேப்பரும் தனி. தினமும் பிள்ளைகளுக்குப் பாடம் அச்சிடும் வீடாக இருந்தால் இந்தக் கணக்கே மாறியிருக்கும்.

மிச்சம் பிடித்த பாட்டு

சூடுபட்ட நான், ஒருநாள் பாங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று செலவுகளை ஒரேயடியாக நிறுத்தினேன்.

ஆன்டி வைரஸ், வருடம் 1,000 ரூபாய். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. எங்கள் வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

கூடுதல் கூகுள் ஸ்டோரேஜ், மாதம் 130 ரூபாய். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை நிரப்பியிருந்தவை பெரும்பாலும் வேண்டாத வீடியோக்கள். வேண்டிய போட்டோக்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, மற்றவற்றை அழித்தேன். காப்பி எடுக்காமல் நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, விளம்பரம் இல்லாமல் பாட்டுக் கேட்கும் சந்தா, மாதம் 120 ரூபாய். மூன்றும் சேர்ந்து வருடத்துக்கு 4,000 ரூபாய் மிச்சம் என்று பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனால், கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருந்தது. "பாட்டு நடுவுல விளம்பரம் கத்துதுப்பா. அதான் போடறதில்ல" என்றார் அம்மா. தினமும் சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் பழைய பாட்டுக் கேட்டவர் அவர். ஒரு நாளைக்கு 4 ரூபாய். அதைத்தான் நான் மிச்சம் பிடித்திருந்தேன்! அன்றே மறுபடி சந்தா கட்டினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. தொகையைப் பார்க்காதீர்கள். வருடச் செலவை, எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்பதால் வகுங்கள்.

2. தானாகப் போகும் பணத்தைக் கண்டுபிடியுங்கள். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டால் சந்தாக்களின் பட்டியல் கிடைக்கும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும் பாருங்கள்.

3. 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து இப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பொதுவாக அறிவிப்பு வந்துவிடும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

4. நிறுத்தும் முன், வீட்டில் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

இப்போது பிரிண்டர் பரணில் இருக்கிறது. அப்பா ஜெராக்ஸ் கடைக்கு நடந்து போய், அங்கே நண்பர்களோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வருகிறார். வீட்டில் பாட்டு ஓடுகிறது.