மேடையில் லேப்டாப்: இரைச்சலை விரட்டுவது எப்படி?

மெல்லிசைக் குழுவில் கீபோர்டுடன் லேப்டாப்பையும் இணைத்து வாசிக்கிறீர்களா? சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கிறதா? லேப்டாப்பும் மிக்சரும் வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளில் இருந்து எர்த் பெறும்போது, ஆடியோ கேபிள் வழியே ஒரு சுற்று உருவாகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் புகுந்து ஒலிக்கிறது.

சிலர் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடுவார்கள். இரைச்சல் நிற்கலாம். ஆனால் மின்கசிவு ஏற்பட்டால், கிதார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் பாடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள்.

முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் இதுதான். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸைப் பொருத்தி, அதிலுள்ள 'கிரவுண்ட் லிப்ட்' சுவிட்சைப் போடுங்கள். சத்தம் அடங்கும், எர்த்தும் அப்படியே இருக்கும்.

பவர் ஆம்ப்ளிபயரைக் கடைசியாக ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள். ஸ்பீக்கர் பிழைக்கும்.