வானத்துல தீப்பந்து பார்த்தீங்களா? ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க!

மொட்டைமாடியில் போன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென வானமே வெளிச்சமாகிறது. பச்சையா ஏதோ ஒண்ணு சீறிப் பாய்ந்து காணாமல் போகிறது. 'மச்சி, பார்த்தியா?' என்று கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பயப்படாதீங்க, ஏலியன் இல்லை. அது எரிகல். வெள்ளி கிரகத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் அதற்கு 'ஃபயர்பால்' என்று பெயர்.

நீங்கள் பார்த்ததைச் சொன்னால் என்ன கிடைக்கும்? 2021 பிப்ரவரி 28 இரவு, இங்கிலாந்து வானில் இப்படி ஒரு தீப்பந்து பாய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உடனே தகவல் கொடுத்தார்கள். காலிங்பெல் கேமராக்களில்கூட அது பதிவாகியிருந்தது. மறுநாள் காலையே விஞ்ச்கோம்ப் என்ற ஊரில், ஒரு வீட்டு வாசலில் கறுப்புத் தூளும் துண்டுகளுமாக அந்தக் கல் கிடைத்தது. மழையில் நனைவதற்குள் பெரும்பகுதியைச் சேகரித்ததால், அதற்குள் இருந்த நீரை ஆராய முடிந்தது. அது நம் பூமியின் நீரை ஒத்திருந்தது!

ஒருவர் பார்த்தால் திசை மட்டும்தான் தெரியும். வேறு வேறு ஊர்களில் இருந்து பலர் சொன்னால், அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தை வைத்துப் பாதையையே கணக்கிடலாம். 'பக்கத்துத் தெருவுலதான் விழுந்துச்சு' என்று தோன்றும். உண்மையில் அது 100 கி.மீ தள்ளிக்கூட இருக்கலாம்.

என்னவெல்லாம் குறிக்கணும்?

* நேரம்: உடனே போனைப் பார்த்து மணி, நிமிடம் குறிச்சுக்கோங்க.
* இடம்: நின்ற இடத்தை விட்டு நகராமல் மேப்பில் சேவ் பண்ணுங்க.
* திசை: எங்கே தொடங்கி எங்கே மறைந்தது? 'தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தென்னை மரத்துக்கு இடதுபக்கம்' என்று அடையாளம் வைத்து, போனில் உள்ள காம்பஸில் திசையைப் பாருங்க.
* உயரம்: கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்க. ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணினால் போதும்.
* எத்தனை விநாடி? எரிகல் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரு நிமிடத்துக்கும் மேல் மெதுவாக ஊர்ந்தால், அது செயற்கைக்கோளாகவோ, விழும் ராக்கெட் பாகமாகவோ இருக்கலாம்.
* நிறம், சிதறல்: என்ன கலர், துண்டுதுண்டாக உடைந்ததா, புகைத்தடம் இருந்ததா?

சத்தம் லேட்டா வரும்!

ஒளி உடனே வந்துவிடும், பல கி.மீ உயரத்திலிருந்து ஒலி வர ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகலாம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில், வெளிச்சத்தைக் கண்டு பலர் ஜன்னலுக்கு ஓடினார்கள். பிறகு வந்த அதிர்வலையில் கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி நாடினார்கள். பெரும்பாலும் கண்ணாடிக் காயங்கள். அதனால் கண்ணைக் கூசும் வெளிச்சம் வந்தால், முதலில் ஜன்னலை விட்டு விலகுங்க. சத்தம் கேட்டால், எத்தனை விநாடி கழித்து வந்தது என்பதையும் குறிச்சுக்கோங்க.

யாரிடம் சொல்றது?

சர்வதேச எரிகல் அமைப்பின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. எந்த நாட்டில் இருந்தும், வானியல் படிக்காதவர்களும் நிரப்பலாம். தெரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் போடாதீங்க. மற்றவர்களின் வீடியோவைப் பார்ப்பதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள். பார்த்துவிட்டால் நம்ம நினைவும் அதோடு கலந்துடும்.

அப்புறம் தாராளமா ஸ்டேட்டஸ் போடுங்க!