மாஜி செயலாளர்!

பதவியில் உட்காருவது சுலபம் சார், எழுந்திருப்பதுதான் கஷ்டம்! அதுவும் சம்பளமே இல்லாத பதவி என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஏரியா ரத்ததானச் சங்கத்துக்கு ஒன்பது வருஷம் நான்தான் செயலாளர். மூன்று தேர்தலிலும் எதிர்த்து நிற்க ஆளில்லை. போன மாதம் நானாக விலகினேன். "என்ன சார், உள்ளுக்குள்ள தகராறா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். தானாக ஒருத்தன் விலகினால் நம்ம ஊரில் நம்புவார்களா?

காரணம் சிம்பிள். எனக்குக் காய்ச்சல் என்றால் சங்கமே போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறது. அது சங்கத்துக்கு நல்லதில்லை.

வெண்மைப் புரட்சி குரியன், 1965 முதல் வகித்த தேசியப் பால்வள வாரியத் தலைவர் பதவியை 1998-ல் அம்ரிதா படேலிடம் ஒப்படைத்தார். ஆனால், குஜராத் கூட்டுறவுப் பால் சம்மேளனத்தை விட 2006 ஆகிவிட்டது. அவருக்கே அப்படி!

ரிஜிஸ்டர், பாஸ்புக், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் புதுச் செயலாளர் தம்பியிடம் கொடுத்தாச்சு. ராத்திரி போன் மட்டும் இன்னும் எனக்குத்தான் வருகிறது. "நான் பாத்துக்கறேன்" என்று நாக்கு நுனி வரை வரும். அடக்கிக்கொண்டு தம்பியின் நம்பரைச் சொல்லிவிட்டு, தூக்கமில்லாமல் புரளுவேன். விடிந்ததும், "ஆள் கிடைச்சாச்சு சார்" என்பான். சந்தோஷம்தான். லேசாக வலிக்கவும் செய்கிறது.

அடுத்து என்ன?

ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம், 65 வயது வரை. எனக்கு 52. பதவிதான் போச்சு. சர்வீஸ் இன்னும் 13 வருஷம் பாக்கி!