வேலைக்குப் போகும் தாயும் வேரூன்றிய குடும்பமும்

தாயகம் என்னும் சொல்லைப் பிரித்தால் தாய் என்றும் அகம் என்றும் இரு சொற்கள் கிடைக்கும். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழத் தொடங்கிய ஒரு குடும்பத்துக்குப் புதிய மண் எப்போது தாயகம் ஆகிறது? நிலம் வாங்கிய நாளிலா? குடியுரிமை பெற்ற நாளிலா? இரண்டும் இன்றியமையாதவையே. ஆயினும் இவற்றுக்கு முற்பட்ட கேள்வி ஒன்று உண்டு. தாய் வேலைக்குச் சென்றிருக்கும் வேளையில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதே அது. இக்கேள்விக்கு நிலையான விடை கிடைத்த இடத்தில்தான் குடும்பம் வேரூன்றுகிறது. ஜொகூர் மாநிலத் தோட்டத் தமிழரின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

குடும்பமாய் வந்தவர்கள்

மலாயாவுக்குச் சஞ்சிக்கூலிகளாக வந்தவருள் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1910-ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்த கங்காணி முறையில், கங்காணி தம் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரை அழைத்து வந்தார். அதனால் கணவனும் மனைவியுமாகக் கப்பலேறியவர் தொகை பெருகிற்று. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909-இல் முற்றுப்பெற்றது. அப்பாதையை ஒட்டிச் சிகாமட், லாபீஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறின.

அவ்வாறு வந்த பெண், கணவனுக்குச் சமைத்துப் போடுவதற்காக மட்டும் வந்தவள் அல்லள். அவள் பெயரும் செக்ரோலில் ஏறிற்று. 1920-களின் இறுதியில் மலாயாவின் பல பகுதிகளில் நிர்ணயிக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலியில் குறைவு இருந்ததே தவிர, வெயிலிலும் மழையிலும் குறைவு இல்லை. வேலைக்குப் போகும் தாய் என்பவளை இக்காலத்துப் புதுமையாகப் பேசுவோர் உண்டு. மலாயாத் தமிழ்க் குடும்பம் அவளை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

பிரட்டும் ஆயாக் கொட்டகையும்

பால்மரம் வெட்டும் தாயின் நாள் இருட்டிலேயே தொடங்கும். இதற்குக் காரணம் மரத்தின் இயல்பே. பட்டையிலுள்ள பால் குழாய்களில் நீரழுத்தம் விடியுமுன் மிகுந்திருக்கும், வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியிடுவதால் அவ்வழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே கதிரவன் எழுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வந்தவுடன் நிரைக்குள் இறங்க வேண்டும். அதற்கு முன்பே அடுப்பு மூட்டிச் சோறாக்கி, உறங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். மரத்தின் வசதிக்கேற்பத் தாயும் பிள்ளையும் விழித்தார்கள்.

பிள்ளையை ஒப்படைக்கும் இடமே ஆயாக் கொட்டகை. லயத்துக்கு அருகில் ஒரு கூடம்; அதில் வரிசையாகத் துணித் தொட்டில்கள்; வெட்டு வேலைக்கு முடியாத வயதான ஓர் அம்மாள் ஆயாவாக இருப்பார். தாய்மார் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, நண்பகலை ஒட்டித் திரும்பும் வரையில் ஆயாவே அத்தனை பிள்ளைகளுக்கும் தாய்.

இவ்வமைப்பை நாம் மிகைப்படப் புகழ வேண்டியதில்லை. ஒரே ஆயாவிடம் பல குழந்தைகள் இருந்தன. காய்ச்சல் கண்ட பிள்ளையை அங்கே விட இயலாது. அத்தகைய நாளில் தாய் வேலையை விட்டால் கூலி போகும். ஆகவே மூத்த பெண் பிள்ளை பள்ளியை விட்டாள். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று விதித்தது. ஜொகூர் அவ்வைக்கியத்தில் சேராத மாநிலமாயினும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன. பள்ளி எழுந்தது, ஆனால் அதில் மூத்த மகளின் இடம் அடிக்கடி வெறுமையாய் இருந்தது. தாய் வேலைக்குச் சென்றதன் விலையை மகள் தன் படிப்பால் செலுத்தினாள்.

விடுமுறை காட்டும் ஊர்

ஒரு குடும்பத்தின் ஊர் எது என்று அறிய வேண்டுமாயின், நீண்ட விடுமுறையில் அக்குடும்பம் எங்கே செல்கிறது என்று பார்த்தால் போதும். முதல் தலைமுறைக்கு விடுமுறை என்பது நாகப்பட்டினமோ சென்னையோ நோக்கிய கப்பல் பயணம். ‘ராஜுலா’ போன்ற கப்பல்களில் ஒரு வார அளவு கடலில் கழியும். பாட்டி அங்கே இருந்தாள்; காதுகுத்தும் திருமணமும் அங்கே நடந்தன.

இத்தொடர்பு படிப்படியாக அறுந்தது. 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளரை மலாயாவுக்கு அழைத்து வருவதைத் தடை செய்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்வேக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். லயத்தில் தனித்து நின்ற தாய்மார் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தனர். 1953-இல் குடிநுழைவுச் சட்டம் கடுமையாயிற்று. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது, தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாட்டி இங்கேயே இருந்தாள். பக்கத்து லயத்திலோ அடுத்த தோட்டத்திலோ இருந்தாள். தீபாவளிப் பயணம் கடலைக் கடக்கவில்லை. சிகாமட்டிலிருந்து குளுவாங்குக்குச் சென்றது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியூர் சென்ற பிள்ளைகள் திரும்பி வந்தனர். கூப்பிடு தொலைவில் ஒரு பாட்டி கிடைத்தபோதுதான் குடும்பம் உண்மையில் ஊன்றிற்று எனலாம்.

ஊன்றிய வேரும் ஆட்டம் கண்டது. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதனைத் தடுக்கும் முயற்சியாகவே துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1969-க்குப் பின் வேலைப் பெர்மிட் கிடைக்காத குடியுரிமையற்றோர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தாயகம் திரும்புதல் ஆகாது. ஊரை விட்டுப் போவதே ஆகும்.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு

பின்னர் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது; செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. மால்வெட்டுக் கத்தியைப் பிடித்த தாயின் மகள் பாசிர் கூடாங், செனாய், தெப்ராவ் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றாள். பேத்தியோ பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் செல்கிறாள். அவளும் இருட்டிலேயே எழுகிறாள். முன்னே மரத்தின் பால் எழுப்பிற்று; இப்போது தொழிற்சாலைப் பேருந்தும் பாலத்து நெரிசலும் எழுப்புகின்றன.

இம்மாற்றத்தில் கூலி உயர்ந்தது. வீட்டுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் வந்தன. ஆனால் ஆயாக் கொட்டகை உடன் வரவில்லை. பாட்டியும் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளில் அவளுக்கு இடமில்லை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருக்கும் பராமரிப்பு இல்லங்கள் பதிவுபெற வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அத்தகைய இல்லங்களில் பல மாலையில் மூடப்படுவன. இரவு ஷிப்டுக்குப் போகும் தாய்க்கு அவை பயன்படா.

2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. தந்தைக்கும் 7 நாள் உண்டு. வரவேற்கத்தக்கதே. எனினும் 99-ஆம் நாள் காலையில் பழைய கேள்வி வாசலில் நிற்கிறது.

விடுமுறையின் சிக்கலும் புது வடிவம் கொண்டுள்ளது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். அங்கே வேலை செய்த தாய்க்கு ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் இங்கே பிள்ளைக்குப் பள்ளி இருந்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்க வாரத்தில் ஒரு நாளே கிட்டியது. 2025 சனவரி முதல் இரு கரைகளும் ஒத்துவந்தன. ஆயினும் தைப்பூசத்தன்று ஜொகூரில் விடுமுறை. சிங்கப்பூரில் அது 1968-இலேயே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கிற்று. பால்குடம் எடுக்கும் பிள்ளையின் பக்கத்தில் நிற்க, அங்கே வேலை பார்க்கும் தாய் தன் விடுப்பில் ஒரு நாளைச் செலவிட வேண்டியுள்ளது.

பதிவேடு சொல்வது

தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாட்கணக்கில் வராத பிள்ளைகளை அழைத்துக் காரணம் கேட்டால், “அம்மா வேலைக்குப் போயிட்டாங்க, தம்பியப் பாத்துக்க ஆள் இல்ல சார்” என்னும் விடை இன்றும் வருகிறது. அதைச் சொல்பவள் பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளை. பாட்டி காலத்து விலையைப் பேத்தியின் மகள் இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறாள். முன்பெல்லாம் அவளிடம், “நாளைக்குத் தவறாமல் வா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது அவளுக்குச் சொல்ல வேண்டிய சொல் அன்று என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

யாரிடம் சொல்ல வேண்டும்? முதலில் தந்தையிடம், பிள்ளை இருவர்க்கும் பிள்ளை அன்றோ? அடுத்து நம் கோயில் நிர்வாகங்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும். ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றைச் சூழக் கோயில் மண்டபங்கள் உள்ளன. ஆண்டில் பல நாள் அவை பூட்டிக் கிடக்கின்றன. முறையாகப் பதிவு செய்து, பயிற்சி பெற்ற இருவரை அமர்த்தினால், அவற்றுள் சில விடியற்காலை முதல் பிள்ளைகளை ஏற்கும் இல்லங்களாகும். தொழிற்சாலை முதலாளிமாரும் இதில் பங்கேற்கக் கடமைப்பட்டவர். தோட்டத்துத் துரை தம் ஆதாயம் கருதியேனும் ஒரு கொட்டகை கட்டினார். நாம் அன்பு கருதிக் கட்டலாகாதா?

நம் முன்னோர் கடல் கடந்து வந்து காட்டை நாடாக்கினர் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவர்களுள் பலர் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வேலைக்குப் போன தாய்மார். அந்தத் தொட்டிலை ஆட்ட ஒரு கை இருந்ததால்தான் இந்த மண் நமக்கு ஊராயிற்று. அக்கை பள்ளிக்குப் போக வேண்டிய ஒரு சிறுமியின் கையாக இனியும் இருத்தல் ஆகாது.